பொடியெழுத்தில் ஒளியும் பக்க விளைவுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் பேயர் நிறுவனம் தனது ‘யாஸ்’ கருத்தடை மாத்திரையை, அனுமதி பெறாத பயன்களுக்கும் ஏற்றது என்பதுபோலத் தொலைக்காட்சியில் காட்டியதையும், ஆபத்துகளைச் சொல்லும் நேரத்தில் துள்ளலான காட்சிகளால் கவனத்தைத் திருப்பியதையும் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008-இல் கண்டித்தது. மறு ஆண்டு, 2 கோடி டாலர் செலவில் திருத்த விளம்பரங்களை வெளியிட அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. முதல் விளம்பரத்தை நம்பி மாத்திரையைத் தொடங்கிய எல்லோரும் திருத்தத்தையும் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

அம்மாத்திரையில் உள்ள ட்ரோஸ்பைரெனோன் என்ற செயற்கை ஹார்மோன், வேறு சில கருத்தடை மாத்திரைகளைவிட ரத்த நாளங்களில் ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டக்கூடும் என்ற எச்சரிக்கை 2012-இல் மருந்துக் குறிப்பில் சேர்க்கப்பட்டது. இந்த அபாயம் அரிதானது. கர்ப்ப காலத்தில் அது இன்னும் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஆகவே யாரும் பயந்து மாத்திரையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஆயினும், 35 வயதைக் கடந்தும் புகைபிடிப்பவர்களும், கண்ணில் ஒளி மின்னலுடன் ஒற்றைத் தலைவலி வருபவர்களும் யாஸ் போன்ற, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்பதும், ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கமோ திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதும் பல மடிப்புகளாக மடித்த தாளில் பொடியெழுத்தில் கிடக்கின்றன. அவற்றை விளம்பரத்திலேயே, பலன்களைச் சொல்லும் அதே அளவு எழுத்தில் வெளியிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி