ரவுமா நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் பின்லாந்தின் துர்க்கு நகரில் குடியிருக்கும் தமிழன். பஸ் ஏறி அடிக்கடி உங்கள் ஊருக்கு வந்து போகிறவன். உங்களிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான். ஊர் நடுவே இருக்கும் ‘பழைய ரவுமா’ பகுதியின் மர வீடுகளில் மனிதர்கள் தொடர்ந்து குடியிருக்க வழி செய்யுங்கள்.

1442-இல் நகர உரிமை பெற்ற ஊர் உங்களுடையது. 1550-இல், அப்போது பின்லாந்தையும் ஆண்ட ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் வாசா ஹெல்சின்கியைப் புதிதாக உண்டாக்கியபோது, உங்கள் வணிகர்களை மூட்டை முடிச்சோடு அங்கே போய்க் குடியேறச் சொன்னார். அரச கட்டளை, போனார்கள். ஆனால் மனம் ஒட்டவில்லை. சில ஆண்டுகளில் அனுமதி கிடைத்ததும் திரும்பிவிட்டார்கள். அப்புறம் 1640-இலும் 1682-இலும் தீ ஊரையே தின்றது. அப்போதும் இடத்தை மாற்றவில்லை, பழைய வளைந்த தெருக்களை ஒட்டியே மறுபடி வீடு கட்டினார்கள்.

1890-களில் பின்லாந்திலேயே பெரிய பாய்மரக் கப்பல் கூட்டம் ரவுமாவுடையது. அந்தக் கப்பல் காசுதான் வீட்டு முகப்புகளில் அலங்காரப் பலகைகளாக இன்றும் நிற்கிறது. பலகைக்குப் பின்னால் அதைவிடப் பழைய மரக்கட்டைச் சுவர் இருக்கிறது. வெயிலும் மழையும் அடிக்கும் பக்கத்தில்தான் பெயிண்ட் முதலில் உரியும். வீட்டில் ஆள் இருந்தால் அது உடனே கண்ணில் படும், அந்தக் கோடையிலேயே ஆளிவிதை எண்ணெய் பெயிண்டை அடித்துவிடுவார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஈரம் இறங்கி, கட்டை உளுத்த பிறகுதான் விஷயம் தெரியவரும். சில சன்னல்களுக்கு வெளியே சாய்த்து மாட்டிய கண்ணாடிகளைப் பார்த்திருக்கிறேன். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தெருவின் இரு பக்கமும் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காக வைத்தவை. உள்ளே உட்கார ஆளில்லாத வீட்டில் அது எதற்கு?

1991-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது சுமார் 600 கட்டடங்கள் கொண்ட, ஆட்கள் வாழ்கிற ஒரு ஊரை. ஜூலைக் கடைசியில் லேஸ் வாரம் நடக்கும்போது தெருக்கள் நிரம்பி வழிகின்றன. பெண்கள் ஊசி குத்திய தலையணைமேல் மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவதை நின்று பார்க்கிறோம். சந்தோஷம்தான். ஆனால் ஊரின் நிலையை ஜூலையில் கணக்குப் பார்க்காதீர்கள், நவம்பரில் மாலை 4 மணிக்கு எத்தனை சன்னல்களில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள்.

வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலாத் தங்குமிடமாக மாறாமல் இப்போதே ஒரு வரம்பு வையுங்கள். ஊருக்கு வெளியே பெரிய கடைக்கு அனுமதி தரும்முன், சந்தைத் திடலைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்கு என்ன ஆகும் என்று அந்தக் கடைக்காரர்களிடமே கேளுங்கள். பழைய சன்னலையும் சுவரையும் பழுது பார்க்க இளம் குடும்பங்களுக்குப் பண உதவியும் நல்ல தச்சரும் கிடைக்கச் செய்யுங்கள். அடுத்த பட்ஜெட்டிலேயே இதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊரை நேசிக்கும் அண்டை ஊர்க்காரன்