வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிழக்கு லண்டனில் கூடும் நம் பழம்பொருள் சேகரிப்பாளர் வட்டத்தில் இப்போது 31 பேர் இருக்கிறோம். பத்துக் கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டு முழுக்கப் பேச்சு பழைய பப் விளம்பரக் கண்ணாடிகளை, அதாவது மது நிறுவனங்களின் பெயரும் சின்னமும் போட்டு மதுக்கூடங்களில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடிகளைப் பற்றித்தான் என்பதால் நேராக அதற்கே வந்துவிடுகிறேன்.

முதலில் என் தவறு. மே மாதம் ஒரு சந்தையில், சரியாக விடியக்கூட இல்லை, ஜானி வாக்கர் விஸ்கியின் விளம்பரக் கண்ணாடி ஒன்றை வட்டத்தின் பணத்தில் 140 பவுண்டுக்கு வாங்கினேன். 1890ஆம் ஆண்டுச் சரக்கு என்றார் விற்றவர். வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கும்போதுதான் உறைத்தது: அதில் தொப்பியும் கைத்தடியுமாக நடைபோடும், அந்த விஸ்கியின் சின்னமான மனிதரை டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்ததே 1908இல். திருப்பிப் பார்த்தால் பின்னால் ஹார்ட்போர்டு என்ற அழுத்திய மர அட்டை, அதில் ஸ்டேப்பிள் ஊசிகள். வீட்டுச் சுவருக்கென்று 1970களில் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சடித்துக் குவித்த வகை அது.

அந்தக் கண்ணாடியையே மேசையில் வைத்துத்தான் ஜூலைக் கூட்டத்தை நடத்தினோம். பழையதா என்று அறிய முதல் வழி நாணயம். அதன் விளிம்பைக் கண்ணாடியில் வைத்தால், நாணயத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவில் இடைவெளி தெரியும். ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள பழைய கண்ணாடியில் அது எட்டு மில்லிமீட்டர் அளவுக்குத் தோன்றும். என்னுடையதில் பாதிகூட இல்லை. அடுத்து எழுத்து. பழைய வேலையில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் அரித்திருப்பார்கள், அல்லது சக்கரத்தில் பட்டை தீட்டியிருப்பார்கள். அந்தப் பள்ளத்தில் தங்க ரேக்கு ஒட்டியிருக்கும். சாய்த்துப் பார்த்தால் எழுத்துக்கு ஆழம் தெரியும். அச்சில் எல்லாம் ஒரே தட்டை.

சின்னங்களும் காட்டிக்கொடுக்கும். பாஸ் என்ற பீர் ஆலையின் சிவப்பு முக்கோணம் 1876 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் முதல் வணிகச் சின்னமாகப் பதிவானது. பதிவுச் சின்னம் என்ற வாசகத்தோடு அது இருந்தால் கண்ணாடி அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. (அதே முக்கோணம் பிரெஞ்சு ஓவியர் மானே 1882இல் வரைந்த மதுக்கூட ஓவியத்தில் புட்டி மேல் இருக்கிறது, பின்னால் பெரிய கண்ணாடியோடு. லண்டனின் கோர்ட்டால்ட் ஓவியக் கூடத்தில் பார்க்கலாம்.) கின்னஸ் பீர் விளம்பரத்தின் பெரிய அலகுள்ள டூக்கான் பறவை 1935இல் வந்தது. விக்டோரியா காலத்துக் கண்ணாடியில் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நவம்பரில் லண்டன் ஹோல்போர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸ் பப்புக்குப் போனோம். உள் அலங்காரம் 1891ஐச் சேர்ந்தது. கண்ணாடித் தடுப்புகளும் சுவர்க் கண்ணாடிகளுமாக இடம் ஜொலிக்கிறது. எரிவாயு விளக்குக் காலத்தில் இருக்கும் வெளிச்சத்தையே இரட்டிப்பாக்கியவை இவைதான். பாதிப் பேர் ஆரஞ்சுச் சாற்றோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆண்கள் கழிப்பறைகூட அங்கே பார்க்க வேண்டிய ஒன்று, உண்மையாகவே. இப்படிப் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் சுவரோடு பதித்த கண்ணாடியை அனுமதியில்லாமல் கழற்றக் கூடாது. "பப்பிலிருந்து கழற்றியது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எந்தப் பப், யார் அனுமதித்தார்கள் என்று கேளுங்கள்.

விலையைப் பற்றி நம்மிடையே இன்னும் சண்டை ஓயவில்லை. மூடிப்போன சிறு மதுவாலை அல்லது விஸ்கி ஆலையின் பெயர், பெரிய அளவு, பட்டை வேலை, அசல் சட்டம் (ஃபிரேம்) எல்லாம் சேர்ந்தால் ஏலத்தில் நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரங்களுக்கும் போகும். ஊர் தெரிந்த பிராண்டு என்பதால் மட்டும் விலை ஏறாது. விரிசல் விழுந்தால் மதிப்பு சரிகிறது. ரசம் போன கருப்புப் புள்ளிகளை நான் குறையாகவே எண்ணுவதில்லை. ஒருவர் "புது ரசம் பூசிவிடலாமே" என்றார். வேண்டாம் ஐயா! ரேக்கும் வண்ணமும் ரசமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்பக்கத்தில்தான் இருக்கின்றன. ரசத்தைச் சுரண்டினால் எழுத்தும் கூடவே போய்விடும். அப்புறம், ஏலத்தில் கை தூக்கும் முன் ஏலக் கூடத்தின் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

அந்த 140 பவுண்டைப் பொருளாளர் கணக்கில் "கல்விச் செலவு" என்று எழுதியிருக்கிறார். கண்ணாடி இப்போது கூட்ட அறை வாசலில் தொங்குகிறது, பிள்ளைகள் தலை சீவிக்கொள்கிறார்கள். "1970கள், அச்சு" என்று சீட்டு ஒட்டி அதை விற்பதா, அங்கேயே விடுவதா என்பது இன்றைய மூன்றாவது தீர்மானம். அதில் நான் வாக்களிக்கப் போவதில்லை.

செயலாளர்