கோடிகள் இல்லாத திகில்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த திகில் படப் பட்டியலைப் பார்த்தேன். எல்லாமே கோடிகளைக் கொட்டி எடுத்தவை. தியேட்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற நான் சொல்கிறேன், பயமுறுத்தப் பணம் அவ்வளவாகத் தேவையில்லை.

'கோஹெரன்ஸ்' (2013) படத்தை இயக்குநர் ஜேம்ஸ் வார்டு பிர்கிட் தன் சொந்த வீட்டிலேயே ஐந்து இரவுகளில் எடுத்து முடித்தார். செலவு சுமார் 50 ஆயிரம் டாலர். நடிகர்களுக்கு முழு ஸ்கிரிப்ட் கிடையாது. அவரவர் செய்ய வேண்டியதை மட்டும் அன்றன்றைக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தாராம். விருந்துக்குக் கூடிய நண்பர்கள், வானில் வால்நட்சத்திரம், திடீரென்று கரண்ட் கட். தெருவில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம். அது யார் வீடு என்று சொல்லமாட்டேன். ரத்தக்களறி, கோரப் பல் எதுவும் இல்லாமலே வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம், ஜப்பானின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' (2017). முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். நடிகர்கள் திணறுவதைப் பார்த்து "என்னய்யா படம் இது" என்று எழுந்துவிடாதீர்கள், காரணம் பின்பாதியில் இருக்கிறது. சொல்லப்போனால் இது பாதி நகைச்சுவைதான்.

இப்படிப்பட்ட படங்களுக்கும் இணைப்பில் வாரம் அரைப் பத்தி ஒதுக்குங்கள்.

– ஓய்வுபெற்ற ஆபரேட்டர், கோவில்பட்டி