காலிங் பெல் வயரில் ஸ்மார்ட் டோர்பெல் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கேமரா வைத்த ஸ்மார்ட் டோர்பெல்லை வாங்கிவந்து, பழைய காலிங் பெல் சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே இரண்டு வயரில் மாட்டப் பார்க்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வயரில் மாட்டும் மாடல்கள் பல அமெரிக்க வீடுகளுக்காகச் செய்தவை. அங்கே மணிக்கென்று வோல்ட்டைக் குறைக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், வயரில் வருவது 16 முதல் 24 வோல்ட் ஏசி (மாறுமின்சாரம்) தான். நம் வீடுகளில் பெரும்பாலும் அந்தச் சுவிட்சுக்கு நேராக 230 வோல்ட் வருகிறது. கருவி கருகுவதுகூடப் பெரிதில்லை, மழை படும் வாசலில் குழந்தைகள் தொடும் பட்டன் அது.

சரி, டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதுமா? போதாது. 230 வோல்ட் மணி குறைந்த வோல்ட்டில் அடிக்காது, அதையும் மாற்ற வேண்டும். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மரின் விஏ, அதாவது அது கொடுக்கக்கூடிய மின்திறன், குறைவாக இருந்தால் பட்டனை அழுத்தியதும் கேமரா அணைந்து அணைந்து இயங்கும், இதை வைஃபை கோளாறு என்று நினைத்து ரூட்டரை மாற்றுபவர்கள் உண்டு.

இத்தனை வேலை வேண்டாம் என்பவர்களுக்கு பேட்டரி மாடலும் பிளக்கில் செருகும் மணியுமே நல்லது. விற்பவர்கள் ‘230 வோல்ட்டில் நேரடியாக இணைக்கக் கூடாது’ என்று பெட்டியின் மேலேயே தமிழில் பெரிதாக அச்சிட வேண்டும்.

– வாசகர், மதுரை