கோல்ஃப் கட்டுரைக்கு ஒரு பழைய மாலியின் திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகை போடியிலிருந்து பஸ் ஏறி, போடிமெட்டு, பூப்பாறை சுற்றி எங்கள் மூணாறு டீக்கடைக்கு வந்து சேரப் பத்து மணி ஆகிவிடும். சாம்பியன்ஷிப் கோல்ஃப் மைதானங்களைப் பற்றி ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையை அங்கேதான் படித்தேன். பேரன் படிப்பது மலையாள மீடியம் என்பதால் அவனுக்காக வாய்விட்டு வாசித்தேன். "அதிகப் புள்ளி எடுத்தவரே வெற்றியாளர்" என்ற வரியில் நின்றுவிட்டேன். கோல்ஃபில் குறைவாக அடித்தவர்தான் ஐயா ஜெயிப்பார். 72 தடவை அடித்து முடிக்க வேண்டியதை 68-ல் முடித்தால் மைனஸ் நாலு. அந்த மைனஸுக்குத்தான் இத்தனை பாடும்.

சரி, அது கை தவறி வந்திருக்கும். என் குறை வேறு. 7,000 கெஜத்துக்கு மேல் நீளம், அதனால்தான் அந்த மைதானங்கள் கடினம் என்று கட்டுரை முழுக்கச் சொல்கிறீர்கள். நான் பள்ளிக்கூட லீவில் துரைமாருக்குப் பேக் தூக்கப் போனவன். அப்புறம் இந்த மலையில் ஒரு எஸ்டேட் கிளப்பின் ஒன்பது குழி மைதானத்தில் 31 வருடம் மாலி, அதாவது புல்தரை பார்த்துக்கொள்கிறவன். (ஒன்பதையே இரண்டு சுற்று வந்தால் பதினெட்டு.) நீளத்தைக் கண்டு நடுங்கியவரை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் நாலாவது குழி பந்தை அடிக்கிற இடத்திலிருந்து வெறும் 130 கெஜம்தான். முன்னால் ஓடை, பின்னால் தேயிலைச் சரிவு. அடிக்கிற இடத்தில் இலை அசையாது; பந்து மேலே போனதும் பள்ளத்துக் காற்று பிடித்துக்கொள்ளும். மதுரையிலிருந்து வந்த ஒரு வாலிபர் அங்கே ஒரே காலையில் ஐந்து பந்தை ஓடைக்குக் கொடுத்தார். பேன்ட்டை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியது நான்தான். எங்கள் எஸ்டேட் டாக்டரோ ஓடைக்கு இந்தப் பக்கமே பந்தை மெதுவாகத் தட்டி வைப்பார். அடுத்த அடியில் கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, ஏற்றுவார். ஒரு அடி நஷ்டம், பந்து பத்திரம். வாலிபரைவிட டாக்டர் கணக்குத்தான் எப்போதும் குறைவாக இருக்கும்.

அமெரிக்காவில் அகஸ்டா மைதானத்தின் 12-வது குழியும் இதே ஜாதிதான். 155 கெஜம். முன்னால் ரேஸ் கிரீக் என்ற ஓடை; கிரீன் முன்பின் அகலம் குறைவு; மரங்களுக்கு நடுவே காற்று சுழலும். அங்கே நடக்கிற மாஸ்டர்ஸ் போட்டியில், 2016-ல் கடைசி நாளன்று முன்னிலையில் வந்துகொண்டிருந்த ஜோர்டன் ஸ்பீத் அங்கே இரண்டு பந்தைத் தண்ணீரில் போட்டு, மூன்றில் முடிக்க வேண்டியதை ஏழில் முடித்தார். பட்டம் போயிற்று. அந்த மைதானத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் பாபி ஜோன்ஸ், வக்கீல். இன்னொருவர் அலிஸ்டர் மெக்கன்சி, டாக்டருக்குப் படித்தவர். முதல் உலகப் போரில் பதுங்குகுழியை எதிரி கண்ணில் படாமல் மறைக்கிற வேலை பார்த்த ஆள். மைதானத்தில் கண்ணை ஏமாற்றும் வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை!

ஃப்ளோரிடாவில் சாக்ராஸ் மைதானத்தின் 17-வது குழி இன்னும் குட்டை, 137 கெஜம். சுற்றிலும் தண்ணீர், நடுவில் கிரீன். மற்றக் குழிகளுக்காக அங்கிருந்து மணலை அள்ளி அள்ளிப் பள்ளமாகிவிட்டது. அதைத் தண்ணீராகவே விட்டுத் தீவாக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர் வடிவமைப்பாளர் பீட் டையின் மனைவி ஆலிஸ். இதையெல்லாம் எழுதியிருந்தால் என் பேரன் பாதியில் எழுந்து போயிருக்க மாட்டான்.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விஷயம் கிரீனுக்கு அடியில் இருப்பது. அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் முறைப்படி கட்டினால் அடியில் வடிகால் குழாய், அதன்மேல் நாலு அங்குலம் சரளை, அதற்கும் மேல் ஓர் அடி மணல் கலவை. எவ்வளவு கொட்டினாலும் தண்ணீர் இறங்கிவிடும், வேருக்கு வேண்டியது மட்டும் மணலில் தங்கும். எங்களுக்கு அந்த வசதி ஏது? களிமண் மேட்டில் புல். இடவப்பாதி மழை தொடங்கினால் கிரீன் வயலாகிவிடும். மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டி, ஆற்றுச் சரளை கொட்டித்தான் ஒவ்வொரு வருடமும் மீட்டோம்.

குளிர்காலத்தில் பாடு வேறு. விடிவதற்குள் போய் நீள மூங்கிலால் கிரீனில் பனியைத் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ஜனவரியில் குண்டளை, செண்டுவாரைப் பக்கம்போல உறைபனி விழுந்துவிட்டால் அதுவும் கூடாது. வெயில் ஏறும்வரை ஒருவரையும் கால் வைக்க விடமாட்டோம். உறைந்த புல்லை மிதித்தால் மறுநாள் கருப்புக் கருப்பாகக் காலடித் தடம் நிற்கும். ஒருமுறை கமிட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்காமல் நடந்துவிட்டார். தடம் ஒரு மாதம் மறையவில்லை. திட்டு எனக்கு.

பெரிய போட்டிகளில் கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்று மூன்றடி நீள அலுமினியப் பட்டை வைத்திருக்கிறார்கள். அதில் பந்தை உருட்டிவிட்டு எத்தனை அடி ஓடுகிறது என்று பார்ப்பார்கள். 12 அடி, 13 அடி ஓடினால் புல்லைச் சுமார் மூன்று மில்லிமீட்டருக்கு வெட்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் புரியும். அந்த வேகத்தில் சரிவின் மேல் பக்கம் நின்று தட்டினால் பந்து குழியைத் தாண்டிக் கீழேயே போய்விடும். எங்களுக்கு வெறுங்கால்தான் மீட்டர்.

நம் நாட்டு ஆட்டக்காரர் எஸ்.எஸ்.பி. சௌராசியா பெயரை ஒரு இடத்திலாவது போட்டிருக்கலாம். கொல்கத்தாவில் ராயல் கால்கட்டா கிளப்பில் கிரீன் பார்த்துக்கொண்டிருந்தவரின் மகன். தூரம் அடிக்கிற ஆள் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள். 2017 இந்தியன் ஓப்பன் நடந்த குருகிராம் மைதானம் தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் கேரி பிளேயர் வடிவமைத்தது. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் புலம்பிய இடம். அங்கே அடுத்தவரைவிட ஏழு தடவை குறைவாக அடித்துப் பட்டத்தைத் தக்கவைத்தார். நீளம்தான் எல்லாம் என்றால் இது எப்படி நடந்தது?

கடைசியாக ஒன்று. படத்துக்குக் கீழே குழியின் அகலம் ஆறு அங்குலம் என்று போட்டிருக்கிறீர்கள். நாலேகால். கட்டரை மண்ணில் திருகி எத்தனை ஆயிரம் வெட்டினேனோ, உள்ளங்கையில் காய்ப்பு இன்னும் போகவில்லை. அடுத்த ஞாயிறு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கோல்ஃப் மாலி,
மூணாறு, இடுக்கி மாவட்டம்.