எச்.டி. 80606: ஒரு கோளின் கடப்பை முழுமையாகப் பதிவுசெய்ய நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். சப்தரிஷி மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 217 ஒளியாண்டு தொலைவில், நம் சூரியனைப் பெரிதும் ஒத்த எச்.டி. 80606 என்னும் விண்மீன் இருக்கிறது. அதைச் சுற்றிவரும் கோள் 2001ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. வியாழனைப் போல் நான்கு மடங்கு நிறைகொண்ட அந்தக் கோளின் பாதை மிக நீண்டு ஒடுங்கிய நீள்வட்டம். 111 நாள் நீளும் சுற்றில் பெரும்பகுதியை விண்மீனை விட்டுத் தொலைவிலேயே கழிக்கும் அக்கோள், பின்னர் விரைந்து வந்து, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியில் நூற்றில் மூன்று பங்கு தொலைவு வரை நெருங்கித் திரும்புகிறது. 2007 நவம்பரில் அவ்வாறு நெருங்கியபோது, ஆறு மணி நேரத்திற்குள் அதன் வெப்பநிலை சுமார் 800 கெல்வினிலிருந்து 1500 கெல்வினாக உயர்ந்ததை ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அளவீடுகள் காட்டின. வேறோர் உலகில் வானிலை மாறுவதை மனிதர் மணிக்கணக்கில் பின்தொடர்ந்த அரிய தருணம் அது.

நெருங்கிச் சென்ற சுமார் ஆறு நாட்களுக்குப் பின் அக்கோள் நம் பார்வைக்கு விண்மீனின் குறுக்கே கடக்கிறது. அப்போது விண்மீனின் ஒளி நூற்றில் ஒரு பங்கு அளவே மங்குகிறது. ஆனால் கடப்பு ஏறக்குறைய 12 மணி நேரம் நீடிக்கிறது. எங்கள் பணியின் சிக்கலும் இதுவே, இந்த வேண்டுகோளின் காரணமும் இதுவே. 2009 பிப்ரவரியில் ஐரோப்பாவிலிருந்து இக்கடப்பு முதன்முதலில் பிடிபட்டபோது, இருட்டி விண்மீனைப் பார்க்கத் தொடங்கிய வேளையிலேயே அது மங்கியிருந்தது. முடிவு மட்டுமே பதிவாயிற்று. அவ்வாறு பதிவுசெய்தவற்றுள் லண்டன் பல்கலைக்கழக வானாய்வகத்தின் 35 செ.மீ. தொலைநோக்கிகளும் அடங்கும் என்பது எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்குப் பெரும் ஊக்கம். கடப்பின் தொடக்கத்தைப் பிடிக்க, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பல இடங்களிலிருந்து கூட்டாக நோக்க வேண்டியிருந்தது.

வட அரைக்கோளத்தில், தீர்க்கரேகையால் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 120 பாகை விலகிய மூன்று இடங்களில், அதே 35 செ.மீ. அளவுள்ள தொலைநோக்கிகளை நிறுவுவதே எங்கள் திட்டம். ஓரிடத்தில் விடியும்போது அடுத்த இடம் தொடரும். முதல் நிலையம் உறுப்பினர்களின் பங்களிப்பால் இயங்கிவருகிறது. மற்ற இரண்டிற்கே உங்கள் உதவியை நாடுகிறோம்.

திரட்டும் நிதியில் பெரும்பங்கு, தொலைநோக்கியை ஏந்தி விண்மீனைப் பின்தொடரச் செய்யும் தாங்கிகளுக்கும் குளிரூட்டப்பட்ட கேமராக்களுக்கும் செல்லும். அதன் காரணத்தை விளக்குவது எங்கள் கடமை. இந்த விண்மீனுக்கு ஏறத்தாழ அதே ஒளியுள்ள ஓர் இணை, எச்.டி. 80607, வானில் 20 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு) தொலைவிலேயே இருக்கிறது. மெல்லிய மேகம் மறைத்தால் இரண்டும் ஒருசேர மங்கும் என்பதால் ஒப்பிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடைக்காது. ஆனால், ஒளிமிக்க விண்மீன்களை அளக்கும்போது வழக்கமாகச் செய்வதுபோல் பிம்பத்தைக் குவியத்திலிருந்து அதிகம் விலக்கினால், இரண்டின் ஒளிவட்டங்களும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். எனவே பிம்பத்தைச் சிறிதாகவே வைத்து, இரவு முழுவதும் கேமராவின் அதே படப்புள்ளிகளில் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது. மலிவான தாங்கியால் இது இயலாது.

ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு கடப்புகளே நிகழ்கின்றன. அவற்றிலும் விண்மீன் இரவு வானில் நெடுநேரம் நிற்காத மாதங்களில் வருபவை நமக்குப் பயன்படா. ஆகவே இது ஓரிரு ஆண்டுகளில் முடியும் பணி அன்று. கடப்பின் நேரத்தைத் துல்லியமாக அறிந்தால்தான் பெரிய தொலைநோக்கிகள் தங்கள் நோக்கு நேரத்தைச் சரியாகத் திட்டமிட முடியும். மேலும், பொதுச் சார்பியல் கொள்கையின்படி இக்கோளின் நீள்வட்டம் மெல்லத் திரும்ப வேண்டும். அதன் சுவட்டைக் கடப்பு நேரங்களில் தேடுவதற்கு நீண்ட காலத் தொடர் பதிவுகள் தேவை.

பணமாக மட்டுமன்றி, பயன்பாட்டில் இல்லாத தாங்கி, வடிகட்டி, கணினி ஆகியவற்றையும் நன்றியுடன் ஏற்றுக்கொள்வோம். அனுப்புவதற்கு முன் கருவியின் வகையையும் நிலையையும் எழுதித் தெரிவித்தால், அது எந்த நிலையத்திற்குப் பொருந்தும் என்று சொல்ல எளிதாயிருக்கும். தொகை எவ்வளவு சிறியதாயினும் ரசீது வழங்கப்படும். வரவு செலவுக் கணக்கு ஆண்டுதோறும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். ஒவ்வொரு கடப்பின் அளவீடுகளும், மேகத்தால் பாழான இரவுகளின் பதிவுகள் உட்பட, எவரும் பயன்படுத்தும் வகையில் முழுமையாக வெளியிடப்படும். நன்கொடை அளிக்க விரும்புவோர் குழுவின் பொருளாளரைத் தொடர்புகொள்ளுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
கடப்பு நோக்குத் திட்டக் குழுவினர்