வியாசர்பாடியில் பளு தூக்கும் பாப்பாவுக்காக, மெல்போர்னிலிருந்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் மகள் பாப்பா பளு தூக்குதலில் சேர்ந்துவிட்டாள் என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து மனசெல்லாம் சந்தோஷம். பின்னாலிருந்து அம்மா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது, கர்ப்பப்பை இறங்கிடப் போவுது" என்றதும் கேட்டது. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னால் எதுவும் மனசில் நிற்காது. அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன். படித்துவிட்டு அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டரிடமும் காட்டு.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே கிளப் என்றால் பளபளக்கும் ஏசி ஜிம் என்று நினைத்துக்கொள்ளாதே. தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், தரையில் மர மேடைகள், சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, அவ்வளவுதான். ஜூலை மாசக் குளிரில் பாரை, அதாவது எடை மாட்டித் தூக்கும் இரும்புக் கம்பியை, தொட்டால் விரல் விறைத்துப்போகும். அங்கே பள்ளிக்கூடப் பெண்ணும், ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வந்த நர்ஸும், பேத்தி எடுத்த கிரேக்கப் பாட்டியும் ஒரே மேடையில் மாறி மாறித் தூக்குகிறார்கள். யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. கிளப்புக்குப் பணம் வேண்டுமென்றால் சனி, ஞாயிறுகளில் பன்னிங்ஸ் என்ற ஹார்டுவேர் கடை வாசலில் உறுப்பினர்கள் அடுப்பு போட்டு, சாசேஜும் வெங்காயமும் வாட்டி, ஒரு துண்டு பிரெட்டில் மடித்து விற்கிறார்கள். அந்தக் காசில்தான் பெண்களுக்கான பார் வாங்குகிறார்கள்.

பெண்களுக்கான பார் வேறு. பாப்பா விஷயத்தில் நீ முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஆண்கள் பார் 20 கிலோ, பிடி 28 மில்லிமீட்டர் தடிமன், நீளம் 220 சென்டிமீட்டர். பெண்கள் பார் 15 கிலோ, 25 மில்லிமீட்டர், 201 சென்டிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இந்த விளையாட்டில் கட்டைவிரலை உள்ளே வைத்து அதன் மேல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிப் பிடிக்க வேண்டும். இதற்கு ஹூக் கிரிப் என்று பேர். பாப்பாவின் சின்னக் கைக்குத் தடிமனான பாரில் அந்தப் பிடி எட்டாது. எட்டவில்லை என்றால் அவள் பாரைக் கையால் இறுக்குவாள். கை இறுகினால் முழங்கை சீக்கிரம் மடங்கும், அப்புறம் கால் கொடுக்க வேண்டிய வேகம் பாருக்குப் போகவே போகாது. "இவளுக்கு டெக்னிக் வரல" என்று மாஸ்டர் திட்டுவார். பிள்ளை மேல் தப்பே இருக்காது. அங்கே ஆண்கள் பார் மட்டும்தான் இருக்கிறது என்றால், நாலைந்து பெற்றோர் சேர்ந்து ஒரு பெண்கள் பார் வாங்கிக் கொடுங்கள். பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகளில் விசாரி. வாங்கும்போது பாரின் இரண்டு முனையிலும் உள்ள குழாயைக் கையால் சுற்றிப் பார். வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். சுற்றாத பார் மணிக்கட்டை முறுக்கும். நம் ஊர் உப்புக் காத்துக்கு இரும்பு சும்மா இருக்காது. வாரம் ஒரு தடவை நைலான் பிரஷால் தேய்த்து, மெஷின் ஆயிலை மெல்லிசாகத் தடவித் துடைக்கச் சொல். மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் நிற்கும் இடம் அது. பாரை நெஞ்சு உயரத்தில் சுவர்க் கொக்கியில் மாட்டி வைக்கட்டும்.

அடுத்தது பிளேட், பாரின் முனைகளில் மாட்டும் வட்ட எடை. போட்டியில் போடும் பெரிய பிளேட் எல்லாமே 450 மில்லிமீட்டர் விட்டம். அதனால் பார் எப்போதும் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சின்ன இரும்பு பிளேட்டைப் போட்டுத் தரையில் வைத்துவிடுவார்கள். பார் கணுக்கால் பக்கம் போய்விடும். அதை எட்டுவதற்கு முதுகு வளையும். முதல் மாசமே வளைந்த முதுகோடு பழகினால் அதை மாற்ற ஒரு வருஷம் ஆகும். ரப்பர் பிளேட் வாங்க முடியாவிட்டால், இரண்டு பக்கமும் மரக்கட்டை வைத்து பாரை அந்த உயரத்துக்குத் தூக்கி வைத்தாலே போதும்.

மேடை செய்வதும் பெரிய செலவில்லை. 8க்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் மரைன் ப்ளை (தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்) ஐந்து வேண்டும். கீழே இரண்டைப் பக்கம் பக்கமாகப் போட்டு, அதன் மேல் குறுக்குவாட்டில் இரண்டு. அப்போதுதான் இணைப்புகள் ஒரே கோட்டில் வராது. மேலே நடுவில் ஒன்று, அதற்கு இரண்டு பக்கமும் 2 அடி அகலத்துக்கு அதே தடிமனில் ரப்பர். பிளேட் விழுவது ரப்பரில், பாப்பா நிற்பது மரத்தில். ரப்பர் மேலேயே நின்று தூக்கினால் கால் அமுங்கும், முட்டி ஆடும்.

இப்போது மாப்பிள்ளைக்கு ஒரு விஷயம். மகள் தூக்கும்போது பின்னால் நின்று பிடித்துக்கொள்ள அவருக்குக் கை துறுதுறுக்கும். பிடிக்கவே கூடாது. பாரை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கினால் ஸ்னாட்ச்; முதலில் தோளுக்கு (கிளீன்), பிறகு தலைக்கு மேல் (ஜெர்க்) தூக்கினால் கிளீன் அண்ட் ஜெர்க். இரண்டிலும் தூக்குபவர் தனியாகத்தான் நிற்க வேண்டும். முடியவில்லை என்றால் பாரை விட்டுவிட்டு நகர்வதுதான் பாதுகாப்பு. ஸ்னாட்சில் பார் முன்னால் சரிந்தால் அதை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் போக வேண்டும். பின்னால் சரிந்தால் கையை விட்டுவிட்டு முன்னால் குதிக்க வேண்டும். கிளீனில் எப்போதும் பின்னால். பக்கத்தில் ஆள் நின்றால் அவளுக்குப் போக இடம் இருக்காது, பிடிக்க வந்தவர் மேலேயும் பார் விழும். இப்படி விடுவதை வெறும் பாரிலேயே, எடை ஏற்றுவதற்கு முன்னாடியே, பத்துப் பதினைந்து தடவை பழக்கச் சொல். விடத் தெரிந்த பிள்ளைக்குத் தூக்கப் பயம் இருக்காது. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் மட்டும் வேறு. அதற்குப் பக்கத்துக்கு ஒருவராக ஆள் நிற்கலாம், அல்லது ஸ்டாண்டில் குறுக்குக் கம்பி வேண்டும்.

எடை ஏற்றும் அவசரத்துக்கும் ஒரு கட்டுப்பாடு வை. முதலில் பிவிசி பைப், பிறகு 5 கிலோ பயிற்சி பார், அப்புறம்தான் 15. செல்போனை இடுப்பு உயரத்தில் வைத்து பக்கவாட்டில் வீடியோ எடு. பார் உடம்பை ஒட்டி நேராக ஏறுகிறதா, இல்லை வயிற்றை விட்டு விலகி வளைந்து வெளியே போகிறதா என்று பார். வெளியே போனால் பெரும்பாலும் இடுப்பு முதலில் எழும்பிவிடுகிறது என்று அர்த்தம். செட்டுக்கு மூன்று தடவை தூக்கி, ஐந்து செட்டும் ஒரே மாதிரி வந்தால் அடுத்த தடவை ஒரு கிலோ கூட்டலாம்.

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். பிரசவம் முடிந்த கையோடு ஓய்வில்லாமல் குடம் சுமந்த தலைமுறையின் பயம் அது, அதை நான் அலட்சியமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் மாஸ்டர் கண் முன்னால் படிப்படியாகப் பழகும் பதினாலு வயசுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. உயரம் நின்றுவிடும் என்பதும் அப்படித்தான். முறையான மேற்பார்வையில் செய்யும் பலப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதாகத் தெரியவில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது. இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன்: கனமாகத் தூக்கும்போது சில பெண்களுக்குச் சிறுநீர் கசியும். இங்கே பெண்கள் அதை மறைப்பதில்லை, இடுப்புத் தளத் தசைக்கென்று பிசியோதெரபிஸ்டிடம் போய் சரிசெய்துகொள்கிறார்கள். பாப்பாவுக்கு எப்போதாவது அப்படி ஆனால் வெட்கப்பட்டு விளையாட்டை விட்டுவிடக் கூடாது, உன்னிடம் வந்து சொல்ல வேண்டும்.

சாப்பாட்டில்தான் நம் பெண் பிள்ளைகள் தோற்கிறார்கள். அவள் 48 கிலோ. கிலோவுக்கு ஒன்றரை கிராம் வீதம் நாளைக்கு 72 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12, ஒரு கப் சுண்டலில் 13 அல்லது 14, ஒரு டம்ளர் பாலில் 8, ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7, நூறு கிராம் மத்தியோ நெத்திலியோ 20. மீதி சாதம், சாம்பார், இட்லியிலிருந்தே வந்துவிடும். டப்பா பவுடர் எதுவும் வாங்காதே. காசும் வீண், ஊக்கமருந்து கலந்திருந்தால் தடையும் வரும். சாப்பிட்ட உடனே டீ கொடுப்பதை இன்றோடு நிறுத்து. டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக ஏறும். பள்ளியில் வாரம் ஒரு தடவை தரும் நீல நிற மாத்திரையைப் புத்தகப் பையிலேயே வைத்திருப்பாள், பார்த்துக்கொள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் எந்த மாஸ்டர் வந்தாலும் எடை ஏறாது. டெஸ்ட் எடுக்கும்போது, உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல். மாதவிடாய் மூன்று மாசம் வராமல் போனால் "பயிற்சி ஜாஸ்தி, அப்படித்தான்" என்று யார் சொன்னாலும் நம்பாதே. செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம், அப்படியென்றால் எலும்பைத் தின்னும். உடனே டாக்டரிடம் போ. எடைப் பிரிவுக்காகப் பட்டினி போடுகிற மாஸ்டரிடம் பிள்ளையை விடாதே. அவளை மேல் பிரிவில் தூக்க விடு.

பாதுகாப்பு விஷயத்தில் இங்கே பிடிவாதம் அதிகம். பிள்ளைகளோடு வேலை செய்யும் பெரியவர் சம்பளமில்லாத தொண்டராக இருந்தாலும் அரசின் பின்னணிச் சோதனையில் தேறியாக வேண்டும். தொண்டருக்கு அது இலவசம். மாஸ்டரும் மாணவியும் தனி அறையில் இருப்பது கூடாது, மாணவிக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவதும் கூடாது. பெற்றோர் இருக்கும் குரூப்பில்தான் பேச வேண்டும். எடை பார்க்கும் அறையில் பெண் அதிகாரிகள் மட்டும்தான் என்பது போட்டி விதியே. இதையெல்லாம் கேட்டால் மாஸ்டர் கோபப்படுவாரோ என்று தயங்காதே. நல்ல மாஸ்டர் சந்தோஷப்படுவார்.

நேரமும் அப்படித்தான். ஆண்கள் தூக்கி முடித்த பிறகு மிச்ச நேரம் பெண்களுக்கு என்பது இங்கேயும் இருந்த வழக்கம்தான். 2024 ஜூலை 1 முதல் விக்டோரியா மாநிலத்தில், மைதானத்துக்கும் அரங்கத்துக்கும் மாநில நிதி கேட்கிற உள்ளாட்சி மன்றம் பெண்களுக்கு நியாயமான நேரமும் இடமும் தரும் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அங்கே நீங்கள் கேட்டு வாங்குங்கள்: சாயங்காலம் 5 மணிக்குப் பெண் பிள்ளைகள் முதல் பேட்ச், கழிப்பறையில் விளக்கும் தாழ்ப்பாளும். ராத்திரி ரொம்ப நேரம் ஆகும் முன்னால் கட்டணமில்லா பஸ்ஸில் வீடு திரும்பலாம். நம் நாட்டுப் பளு தூக்கும் வீராங்கனை மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கி வந்த பிறகு, பயிற்சிக்குப் போக தன்னை இலவசமாக ஏற்றிக்கொண்ட லாரி டிரைவர்களை அழைத்து விருந்து வைத்தார். போக்குவரத்து இல்லாமல் நின்றுபோன பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

போட்டி வரும்போது குடும்பமே கிளம்பிப் போங்கள். ஸ்னாட்சுக்கு மூன்று வாய்ப்பு, கிளீன் அண்ட் ஜெர்க்குக்கு மூன்று. ஒன்றில் மூன்றும் போனால் மொத்தக் கணக்கே கிடையாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய்க்கு கிளீன் அண்ட் ஜெர்க்கில் அதுதான் நடந்தது. அடுத்த வருஷமே 194 கிலோ தூக்கி உலக சாம்பியன் ஆனார். டோக்கியோவில் 84, 87, பிறகு 110, 115 என்று கணக்காக ஏறி 202 கிலோ. அதனால் பாப்பாவின் முதல் எடை, காய்ச்சல் வந்து எழுந்த நாளிலும் தூக்கக் கூடியதாக இருக்கட்டும். ஆசையை மூன்றாவதில் வைத்துக்கொள்ளலாம். உடைக்காகவும் தயங்க வேண்டாம். சிங்லெட் என்ற கையில்லாத போட்டி உடைக்குள் உடம்பை ஒட்டிய முழு உடை போட 2011லிருந்தே அனுமதி உண்டு. முழங்கையும் முட்டியும் நேராவது நடுவருக்குத் தெரிந்தால் சரி.

கேலரியில் இருந்தே எடையைக் கணக்குப் போட அம்மாவுக்குச் சொல்லிக்கொடு: சிவப்பு 25, நீலம் 20, மஞ்சள் 15, பச்சை 10. பார் 15, பிளேட் நழுவாமல் முனையில் மாட்டும் பூட்டு இரண்டும் சேர்த்து 5. பக்கத்துக்கு ஒரு பச்சை என்றால் 40 கிலோ. பேத்தி தலைக்கு மேல் 40 கிலோ நிற்பதைத் தானே எண்ணிப் பார்த்தால் அம்மா பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லாமல் இருக்க மாட்டாள். பாரைப் பிடிக்கும் வரை எவ்வளவு வேண்டுமானாலும் கத்துங்கள், பிடித்ததும் அமைதி. தவறவிட்டாலும் கை தட்டுங்கள். பின்னால் இருந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க யாரையும் விடாதே. "உடம்பு வெச்சிட்டியே", "இளைச்சிட்டியே" இரண்டும் வீட்டில் வேண்டாம், எவ்வளவு தூக்கினாய் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் கிளப் பலகையில் ஒரு பெண் முதல் முறையாகத் தன் உடம்பெடையைத் தலைக்கு மேல் தூக்கினால் பேரும் எடையும் எழுதுவோம். அதற்கு எல்லாரும் மேடையைச் சுற்றி நின்று கூச்சல் போடுவது பதக்க விழாவை விட நன்றாக இருக்கும்.

பெண்கள் பளு தூக்குதல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக வந்தது 2000த்தில், இந்த நாட்டுச் சிட்னியில்தான். அங்கே கர்ணம் மல்லேஸ்வரி 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். இந்தியப் பெண் ஒருத்தி வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. இங்கே ஐலீன் திகமாதானா என்று ஒருவர் இருக்கிறார். 2018ல் பிஜிக்காகவும், குடிபெயர்ந்து வந்து 2022ல் ஆஸ்திரேலியாவுக்காகவும் காமன்வெல்த் தங்கம் வாங்கியவர். இரண்டு பேர் வீடியோவையும் பாப்பா பார்க்கட்டும், முக்கியமாக அவர்கள் கால் வைக்கும் விதத்தை.

ஷூ நான் அனுப்புகிறேன். குதிகால் 2 சென்டிமீட்டர் உயரத்தில் கெட்டியாக இருக்கும். ஓடுகிற ஷூ போட்டுத் தூக்க வேண்டாம், அது அமுங்கும். பாப்பாவை வெறும் காலோடு பேப்பர் மேல் நிற்க வைத்து, இரண்டு பாதத்தையும் சுற்றிக் கோடு போட்டு, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை சென்டிமீட்டரில் அளந்து எழுது. சாயங்காலம் அளந்தால்தான் சரியாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா